புது டயர் ரெண்டும் பின்னால்

கடைக்காரரிடம் போய் "இதில் எது நல்லது?" என்று நான் கேட்டதே கிடையாது. புடவை ஆகட்டும், கன்றுக்குட்டி ஆகட்டும், கையை வைத்துப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். கேட்டால் ஏமாற்றுவான் என்பது ஒன்று. கேட்பதற்கு மனசு வராது என்பது இன்னொன்று. பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு டயர் கடையில் நின்றபோதுதான் அந்தப் பெருமை போனது. கூரை மோடு வரைக்கும் டயரை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் வட்டம். எதைப் பார்ப்பது, எதைத் தொடுவது?

கார் என் மகனுடையது. அவன் துபாயில் இருக்கிறான். போன தடவை லீவில் வந்தபோது யாரோ ஓட்டிக் கழித்த காரை வாங்கினான். வேகமாகப் போவதற்கென்றே செய்த வண்டியாம். சக்கரம் பெரிசு. டயர் அகலமாக இருக்கும், ஆனால் உயரம் கிடையாது, சக்கரத்துக்கு வளையல் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒரு மாசம் ஊரெல்லாம் ஓட்டிக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். இப்போது அதை ஓட்டுகிறவள் என் மருமகள். ரெட்டிபாளையத்துப் பக்கம் சிமெண்ட் ஆலை ஒன்றில் அவளுக்கு ஆபீஸ் வேலை. பெரம்பலூரில் இருந்து தினம் போய் வருகிறாள்.

அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஒன்றை ஒன்று முட்டுகிற மாதிரி ஓடும். வெயில் நாளில் ரோடெல்லாம் மாவு பறக்கும். அந்த மாவு மேல் முதல் மழை பெய்தால் ரோடு ரோடாக இருக்காது, களி கிண்டிக் கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

அப்படி ஒரு முதல் மழையில் நானும் அந்தக் காரில் இருந்தேன். அரியலூரில் என் தங்கச்சி வீட்டில் என்னை விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. நான் எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவேன். முன்னால் உட்கார்ந்தால் பெல்ட்டு மாட்டச் சொல்வார்கள், அது கழுத்தை அறுக்கும். எதிரே லாரி வந்தது. மருமகள் பிரேக் அடித்தாள். வண்டி நிற்கவில்லை. தண்ணீரில் தட்டு வழுகுகிற மாதிரி பக்கவாட்டில் போனது. லாரியின் சக்கரம் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்கு நேராக வந்து, விலகிப் போனது. நாங்கள் ஓரத்துக் கருவேல முள்ளில் போய் நின்றோம்.

"ஒண்ணுமில்லத்தை, ஒண்ணுமில்ல," என்றாள். வண்டியை அணைத்தாள்.

லாரிக்காரர் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நானும் வாயைத் தயார் பண்ணிக்கொண்டு இறங்கினேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து முன் டயரைப் பார்த்தார்.

"ஏம்மா, டயரு மொட்டையா கெடக்கு. இத வச்சுக்கிட்டா இந்த ரோட்டுல வரீங்க?"

தினம் வாசல் தெளிக்கும்போது அந்த டயருக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன்.

மக்காச்சோளம் விற்ற பணம் கையில் இருந்தது. அந்த வாரமே மருமகளைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். கடை பாய் லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர், நல்ல மாதிரி. "வாங்கம்மா, உக்காருங்க," என்று நாற்காலி போட்டார். நான் உட்காராமல் ஒரு டயரைக் கட்டை விரலால் அமுக்கி, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன்.

"என்னம்மா, தேங்கா பாக்குற மாதிரி தட்டுறீங்க? உள்ள தண்ணி இருக்காது," என்றார்.

"வெல தேங்கா மாதிரியா இருக்கு பாய்? அதான் தட்டிப் பாக்குறேன்."

அவர் சிரித்துவிட்டு விவரம் சொன்னார். இந்தக் காருக்கு என்று இருக்கிற டயரில் ரப்பர் மெத்தென்று இருக்கும், ஈரத்தில் ரோட்டைப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், விலையும் கூட. இதே அளவில் இன்னொரு ரகம் உண்டு, கெட்டி ரப்பர், விலை பாதி, வருசக்கணக்கில் உழைக்கும். என் கையில் இருந்த பணத்துக்குக் கெட்டி டயர் என்றால் நாலும் வரும். மெது டயர் என்றால் ரெண்டுதான்.

"நாலையும் மாத்திடலாம் அத்தை," என்றாள் மருமகள். "ரொம்ப நாளு ஒழைக்குமாம்ல."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உழைக்கிற சாமானைத்தான் நான் வாங்குவேன். ஆனால் கை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கெட்டி டயரைத் தொட்டபோது எங்கேயோ தொட்ட மாதிரி இருந்தது. அப்புறம் தெரிந்தது, என் செருப்பு. கூலிக்குப் போன காலத்தில் லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு போட்டிருக்கிறேன். தேயவே தேயாது. ஆனால் ஈர வரப்பில் கால் வைத்தால் ஆளைத் தூக்கி எறியும். மழை என்றால் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில்தான் நடப்போம்.

"பாய், தேயாததெல்லாம் ஈரத்துல வழுக்குமில்ல?"

"அதேதாம்மா. ஒண்ணு கெடச்சா ஒண்ணு கெடைக்காது."

இது தெரிந்து என்ன ஆயிற்று? பணம் ரெண்டு டயருக்குத்தானே இருந்தது. பாயே ஒரு வழி சொன்னார். பெரிய சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக வாங்கிப் போட்டால் நல்ல டயர் நாலும் என் பணத்துக்குள் அடங்குமாம். மருமகள் போனில் மகனைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினாள்.

"யம்மா, சின்ன வீலா? பாக்குறவன் சிரிப்பாம்மா!"

"பாக்குறவனாடா அதுல ஏறிப் போவப்போறான்? ஒம்பொண்டாட்டிடா போறா!"

"ரெண்ட மாத்துங்க இப்ப. அடுத்த மாசம் பணம் அனுப்புறேன், மீதி ரெண்டப் பாத்துக்கலாம். வீலுல கை வைக்காதீங்க."

"ஒங்க புள்ளைக்கு வீலுதான் பொண்டாட்டி," என்று சொல்லிவிட்டு அவள் போனை அணைத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவன் வாங்கிய வண்டி, அவன் வேண்டாம் என்றதைச் செய்ய அவள் துணியவில்லை. பணம் என்னுடையதுதான், ஆனாலும் அவனை மீற எனக்கும் மனசு வரவில்லை. மெது டயர் ரெண்டு என்று சொல்லிவிட்டேன்.

முன் சக்கரத்தைக் கழற்றி, மொட்டை டயரை எடுத்துவிட்டுப் புது டயரை ஏற்றினார்கள். பார்த்தால், பின் சக்கரத்தையும் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"பாய், மொட்டையாப் போனது முன்னாடி. புதுச அங்க போடச் சொல்லுங்க."

"புதுசு பின்னாடிதாம்மா போடணும். பின்னாடி இருந்தது இன்னும் கொஞ்ச நாளு ஓடும், அத முன்னாடி மாத்திக் குடுக்குறேன். முன்னாடி வழுகுனா ஸ்டியரிங் கையில இருக்கு, சமாளிக்கலாம். பின்னாடி வழுகுனா வண்டியே சுத்திரும். முள்ளுல போயி நின்னோம்னு சொன்னீங்கல்ல, அன்னிக்கு அல்லா காப்பாத்துனான்."

அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவருக்கு அது தொழில். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் அவள். பழசு அவளுக்கு, புதுசு பின்னால் சாய்ந்து போகிற எனக்கா? மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாக மறுபடியும் அதையே சொன்னார்.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது தூறல் போட்டது. மருமகள் பின் கதவைத் திறந்து விட்டாள். நான் அதைச் சாத்திவிட்டு முன்னால் போய் ஏறினேன்.

"என்னத்தை, முன்னாடி ஒக்காந்தா பெல்ட்டு போடணுமே. ஒங்களுக்குத்தான் ஆவாதே?"

"மாட்டி வுடு."

எட்டி இழுத்து மாட்டிவிட்டாள். கழுத்தை அறுக்கத்தான் செய்தது. வீடு வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸுக்கு நான் கூடப் போக முடியாது இல்லையா? மறுநாள் காலையில் அவள் தனியாகத்தான் போனாள். விடிய விடியப் பெய்த மழை விட்டிருந்தது, ரோடு காயவில்லை. மெதுவாப் போ என்று சொன்னேன், தலையை ஆட்டினாள். வாசலில் நின்று பார்த்தேன். கார் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் இருந்த அந்தப் புது டயர் ரெண்டும்தான்.