நண்டு நெபுலாவும் பாவாவின் பல்சக்கரமும்

போன வாரம் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். வாசனை மூக்கில் ஏறியதும் தைக்க வேண்டிய ஜாக்கெட்டை மறந்துவிட்டு, ஆர்.கே.பேட்டையில் அக்கா வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். பாவாவின் கையில் எப்போதும் இருந்த வாசனை அது. பாவா என்றால் அக்கா புருஷன். விசைத்தறி ரிப்பேர் பார்ப்பவர்.

அப்போது நான் திருத்தணியில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்த புதிது. செகண்ட் ஹேண்டில் ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தேன். மலைக்கோயில் வெளிச்சம் எட்டாத இருட்டு அக்கா வீட்டில்தான் கிடைத்தது. ஆசை ஒன்றே ஒன்றுதான்: நண்டு நெபுலாவைப் படம் பிடிக்க வேண்டும். வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் அது. ரிஷப நட்சத்திரக் கூட்டத்தின் கொம்பு நுனியருகே புகைபோல இருக்கும்.

"செத்துப்போன நட்சத்திரத்தையா போட்டோ புடிக்கப் போற? உசுரோட கீறது ஒண்ணும் கெடைக்கலயா?" என்றாள் அக்கா.

வானம் நகர நகரத் தொலைநோக்கியும் கூடவே திரும்ப வேண்டும். அதைத் திருப்பும் மோட்டாரின் சக்கரத்தில் பல் உடைந்திருந்தது. நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக விழுந்தன. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுக்கா அழுதுகினு கீற?" என்று பாவா சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். பித்தளையில் வெட்டி, அரத்தால் தேய்த்து, மூன்றாவது தடவைதான் பொருந்தியது. அப்படியும் படம் ஆடியது. தெருவெல்லாம் ஓடிய தறிகளில் மாடியே அதிர்ந்துகொண்டிருந்தது.

தை அமாவாசைக்குத் தறிகளுக்கு லீவு. அன்று இருட்டியதும் ஆரம்பித்தோம். அரை நிமிடத்துக்கு ஒன்றாக இருநூறு படங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் உருப்படியாக ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் நடுவில் வெளிறிய திட்டு, அதற்குள் சிவப்பு இழைகள்.

"தறியில பாவு நூலு அறுந்து தொங்குற மாரி கீதே!" என்றார் பாவா.

மறுநாள் பட்டறைக்கு வந்த எல்லோருக்கும் போனில் காட்டினார். "ஆங், வானத்துல கீறதுதான். நம்ம சக்கரம் புடிச்சிது." கேலி செய்த அக்கா அதை ஃப்ரேம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். நான் மட்டும் சும்மாவா? மூன்று நாள் பாடமே நடத்தாமல் வகுப்பு வகுப்பாகக் காட்டினேன்.

இப்போது அந்தத் தெரு முழுக்கப் பட்டப்பகல் மாதிரி வெள்ளை விளக்குகள். போன தையில் அதே மாடியில் மறுபடி முயன்றேன். இருநூறு படங்கள் எடுத்து அடுக்கிய பிறகும் சாம்பல் வெளுப்புதான் மிஞ்சியது. நான் சலித்துக்கொண்டேன். பாவா அசரவில்லை.

"இருட்டு இருந்தப்பவே புடிச்சிட்டோமே, இன்னா இப்போ?"