முயல்களின் தட்டில் மிச்சம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மருந்தியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சமவெளியில் இருந்த எங்கள் கல்லூரியில் சித்திரை வெயிலை முயல்கள் தாங்குவதில்லை; முந்தைய வருடம் இன்னொரு மாணவரின் முயல்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அதனால் என் முயல்களை ஏற்காட்டில் வைக்கலாம் என்று எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் முடிவு செய்தார். மஞ்சக்குட்டைப் பக்கம் அவருக்குத் தெரிந்த ஒருவரின் எஸ்டேட்டில், காப்பி மூட்டை அடுக்கும் பழைய ஷெட் ஒன்று சும்மா கிடந்தது.

ஆய்வு எளிமையானதுதான். கொழுப்பு கலந்த தீனியைச் சில மாதங்கள் தொடர்ந்து தின்றால் முயலின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும். பதற்றத்துக்காக மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையையும் கூடவே கொடுத்தால் அந்தப் படிவு குறையுமா என்பது கேள்வி. பாதி முயல்களுக்கு மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயோரம் விட வேண்டும். மற்ற பாதிக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தீனி. காலை பத்து மணிக்குத் தட்டில் மிஞ்சியதை நிறுத்து நோட்டில் எழுத வேண்டும்.

நான் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் மலையேறுவேன்; போய்ச் சேர மதியமாகிவிடும், சாயங்காலமே திரும்பிவிடுவேன். தினமும் முயல்களைப் பார்த்துக்கொண்டவர் மஞ்சக்குட்டைக்காரப் பெண் ஒருவர். அதற்கு முன் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஐந்தாவது வரை படித்திருந்தார். அக்கா என்று கூப்பிடுவேன். முயலைக் காதைப் பிடித்துத் தூக்க மாட்டார். கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு, "வாயத் தொற சாமி" என்று சிரிஞ்சை நுழைப்பார். கடைசியில் எல்லாவற்றையும் அறுத்துப் பார்ப்பேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்.

"கோழி வளக்கறதில்லீங்களா, அது மாதிரித்தானுங்க" என்றார்.

சில மாதங்கள் முடிந்ததும் முதல் தொகுதி முயல்களைக் கூடைகளில் வைத்து ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயை ஒவ்வொரு முயலிலிருந்தும் பிரித்தெடுத்து, கொழுப்பை மட்டும் சிவப்பாக்கும் சாயத்தில் ஊறவைத்தேன். மருந்து கொடுக்காத முயல்களின் குழாய்களில் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மருந்து கொடுத்தவற்றில் பெரும்பாலும் வெளிறிய சுவர். பேராசிரியர் தானே கேமராவை எடுத்துவந்து படம் பிடித்தார். மாநாட்டில் படிக்கலாம் என்றார். மருந்து கொடுக்காத முயல்கள் எடையும் கூடியிருந்தன. அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து ஒரு பத்தி எழுதிவைத்தேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாம் தொகுதியைத் தொடங்கினோம். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், சனிக்கிழமை வந்த நான் திரும்ப முடியாமல் எஸ்டேட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனேன். மருந்து குடித்த முயல்கள் மோவாயைத் தரையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் தட்டில் பாதித் தீனி அப்படியே இருந்தது. பத்து மணியானதும் அக்கா அதை வழித்தெடுத்து மற்ற முயல்களின் தட்டில் பிரித்துப் போட்டார். அவை தின்று முடித்ததும் நோட்டை எடுத்து, மிச்சம் என்ற கட்டத்தில் வரிசையாகச் சைபர் போட்டார்.

"என்ன அக்கா பண்றீங்க?"

"மிச்சத்தப் போடறனுங்க டாக்டரம்மா. இதுக தூங்கிப்போயிருதுங்க. அதுகளப் பாருங்க, வெறுந்தட்ட நக்கிக்கிட்டு ஏக்கமாப் பாக்குதுங்க."

"தினமும் இப்படித்தானா?"

"தெனமுந்தானுங்க. எண்ணெயும் கடலையும் போட்டதை வீசறதுக்கு மனசு வருமுங்களா?"

"முதல்ல இருந்த முயலுங்களுக்கும்?"

"அதுகளுக்குந்தானுங்க. தட்டுல மிச்சமில்லீன்னுதான எழுதுனன். பொய் ஒண்ணும் எழுதலீங்களே."

பொய் இல்லைதான். மாத்திரை குடித்தவை அரை வயிறு கொழுப்பும் மற்றவை ஒன்றரை வயிறு கொழுப்பும் தின்றிருக்கின்றன. பேராசிரியர் படம் பிடித்து வைத்திருந்த சிவப்புக்கு மருந்து காரணமா, தீனி காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு விளங்கும்படி சொன்னேன்.

"அப்ப எல்லாம் என்னாலதான் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லை அக்கா. மிச்சத்தை ஏன் நிறுக்கணும்னு நான்தான் உங்ககிட்டச் சொல்லலை."

அன்று முழுக்க அக்கா கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினார்.

எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாம் தொகுதியை மட்டும் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பாதை திறந்த காலையில், புறப்படும் முன், பேராசிரியரிடம் சொல்லப்போகிற பதற்றத்துக்கு, முயல்களின் மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினேன். வழக்கமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவள், ஜன்னல் கம்பியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன். சேலத்தில் கண்டக்டர் எழுப்பினார். பேராசிரியரிடம் சொல்லும்போது நாக்கு மெதுவாகத்தான் அசைந்தது. ஆனால் எல்லாம் சொன்னேன்.

"நோட்டை வெச்சிட்டுப் போம்மா" என்றார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "மறுபடி முதல்லேருந்து ஆரம்பி. தூங்கறது எவ்வளவு திங்குதோ, மத்ததுக்கும் அவ்வளவே கொடு." மாநாட்டுக்குக் கட்டுரை போகவில்லை. என் படிப்பு ஒரு வருடம் நீண்டது.

அந்த வருடம் அக்காவுக்குத்தான் சிரமம். "பசிக்குதுங்க அதுகளுக்கு" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வார். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் நிறுத்து எழுதினார். முடிவில் வித்தியாசம் பெரிதாக இல்லை. மருந்து குடித்த சில முயல்களின் குழாய் சுத்தமாக இருந்தது, சிலவற்றில் இல்லை. எது எந்தப் பக்கத்து முயல் என்று பார்த்ததும் சொல்ல என்னால் முடியவில்லை. உறுதியாகக் கூற இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவிடமும் சொன்னேன்.

"அப்ப அந்த மாத்திரை ஒண்ணும் பண்ணலீங்களா?"

"தூங்க வெச்சுது. பசியைக் குறைச்சுது. மத்தது தெரியலைக்கா."

"அதுக்கா இத்தன மொசலுங்க" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை.

ஆய்வில் சேர்க்காத இரண்டு முயல்கள் மீந்தன. அக்கா கேட்டார், கொடுத்தேன். சில மாதம் கழித்து ஷெட் சாவியை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஒப்படைக்கப் போனபோது, அக்கா மறுபடி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். முயல்கள் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தேன்.

"ஊருப் பண்டிகை நோம்பிக்குக் கொழம்பு வெச்சுட்டமுங்க. நொம்ப ருசிங்க" என்று சிரித்தார். "ஊட்டுக்கு வாங்க டாக்டரம்மா, காப்பி குடிச்சுட்டுப் போவீங்களாமா."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போனேன்.