பட்டியலில் ஓர் அம்மா

மண்ணூர்பேட்டையில் பிரஸ் மெஷின்கள் ஓடும் ஒரு கம்பெனியில் நான் பாதுகாப்பு அதிகாரி. கம்ப்யூட்டர்களைக் காப்பதும் நான்தான். ஊழியர்களின் மெடிக்கல் இன்சூரன்ஸும் என் தலையில்தான். மூன்று பேர் பயப்பட வேண்டியதை ஒரே ஆளாகப் பயந்து பல வருடங்களாக ஓய்ந்துபோயிருக்கிறேன்.

அன்று காலை, தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்று எல்லோருக்கும் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். மதியம் எனக்கே ஒரு மெயில்: ‘இன்சூரன்ஸ் பட்டியல், இன்றே கடைசி.’ நிஜமாகவே அன்றுதான் கடைசி. ஊழியர்களின் பெற்றோரைச் சேர்க்கும் பட்டியலை ஒரு வாரமாக நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன். உடனே திறந்துவிட்டேன். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன.

நெட் வயரைப் பிடுங்கினால் போதும். நானோ ஓடிப்போய்க் கம்பெனியின் மெயின் சுவிட்சையே இறக்கினேன். பிரஸ்கள் அத்தனையும் நின்றுபோயின. சூப்பர்வைசர் வந்தார்.

“இன்னா சார், கரண்டு பூடுச்சா?”

“நான்தான் இறக்கினேன். வைரஸ்.”

“பிரஸ்ஸாண்ட கூட வருமா சார் அது? ஹெல்மெட் போட்டுக்கினா போதுமா?”

எல்லோரும் சிரித்தார்கள், தரப் பரிசோதனைப் பிரிவுப் பெண்ணைத் தவிர. அவள் அம்மாவுக்கு அடுத்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷன்.

“எங்கம்மா பேரு அனுப்பிட்டீங்கல்ல சார்?”

பொய் நுனிநாக்கு வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. “இன்னும் இல்லம்மா.”

“ஒரு வாரமா கேட்டுகினே கீறேன். ஆச்சு ஆச்சுன்னீங்களே சார்!”

ஊழியர்கள் கையால் எழுதிக் கொடுத்த படிவங்கள் நல்லவேளையாகப் பீரோவில் இருந்தன. மெயினை மறுபடி ஏற்றி, கணக்குப் பிரிவில் வைரஸிடமிருந்து தப்பித்திருந்த கம்ப்யூட்டரில், அவள் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். கணக்கரின் மெயிலிலிருந்து அனுப்பிவிட்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

“புது முகவரியில இருந்து வந்திருக்கு சார், திறக்க மாட்டோம். எங்களுக்கு அதுக்குத் தனியா கிளாஸே எடுத்திருக்காங்க.”

“நல்ல கிளாஸ்,” என்றேன்.

பட்டியலைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்து, அம்பத்தூர் ஓ.டி.யில் இருக்கும் அவர்கள் கிளைக்கு ஸ்கூட்டரை விரட்டினேன். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பத்து நிமிடம் பாக்கியிருக்கையில் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்தவர் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வரியாகப் பார்த்து முத்திரை குத்தினார்.

அவள் வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். அந்தம்மாவின் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

“பேரு ஏறிடுச்சா? அந்த ஆளு எப்டியும் மறந்துடுவாருன்னு நீதானடி சொன்ன! அதை நம்பிகினு கீறேன் நானு.”

அவள் போனை என்னிடம் நீட்டினாள்.

“நைனா, எனக்குக் கத்தின்னாலே கை காலெல்லாம் உதறுது. பேரை எடுத்துடேன்.”

“இனிமே அடுத்த வருசம்தாம்மா எடுக்க முடியும்,” என்றேன். அப்படி ஒரு விதி உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் ஏதோ பையை உதறும் சத்தம் கேட்டது.

“சரி. ஆஸ்பத்திரிக்கு இன்னா இன்னா எத்துனு வரணும், சொல்லு.”