தொப்புளுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு

ஊரில் அவருக்குப் பெயர் கொதிதண்ணி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அலுவலகக் காகிதங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. சுகாதார அலுவலகத்து வெள்ளை வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, கூரையில் கட்டிய ஒலிபெருக்கி வழியாகத் தெருத் தெருவாக "தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடிக்கவும்" என்று சொல்லிக்கொண்டு போவதுதான் அவர் வேலை. வேன் தெருமுனையில் திரும்பும்போதே பிள்ளைகள் "கொதிதண்ணி வருது" என்று கத்துவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நமக்கெல்லாம் பெயர் சொன்னால்தான் ஆள் தெரிகிறது. அவர் இருமினாலே ஊருக்குத் தெரியும்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். வேன் நகர்ந்துகொண்டே இருப்பதால் முதல் தடவை சொல்வது ஒரு வீட்டில் பாதி விழும், மீதி அடுத்த வீட்டில்தான் விழும். அதனால் "மீண்டும் அறிவிக்கப்படுகிறது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று மனைவியிடம் கேட்டபோதும் இரண்டு தடவை கேட்டாராம். "முதல் தடவையே சரின்னு சொல்லிட்டேன், அவர் காதுலயே விழல" என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனை பெரிய குரல் இருந்தும் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் மனிதருக்குத் தொண்டையில் முள் சிக்கிக்கொள்ளும். அலுவலகத்தில் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கச் சொல்லுங்கள், சிங்கம். கடைக்காரன் அழுகிய தக்காளியைப் பையில் போடுவதைப் பார்த்தும் நன்றி சொல்லி வாங்கி வருவார். ஊருக்கெல்லாம் வாய், தனக்கென்றால் ஊமை. இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், நல்லவர்கள் என்று பெயரும் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான்.

அவருடைய ஒரே மகள் ஜூடோ விளையாடுகிறவள். பார்த்தால் ஊதினால் பறப்பாள் போலிருப்பாள், பிடித்தால் விடமாட்டாள். அவளுக்கும் அவள் அணிப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்தவர் பீரோ மாஸ்டர். பகலில் இரும்பு பீரோ விற்பவர், உருவமும் ஏறக்குறைய அதுவே. தங்கமான மனிதர். ஆனால் ஒரு கோணல். ஜெயித்த சட்டையைத் துவைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். "ஜெயிச்ச வேர்வையைத் தண்ணியில விடக் கூடாது" என்பார். தோற்றால்தான் சட்டைக்குக் குளியல். அந்த வருடம் பார்த்துப் பிள்ளைகள் எதிரில் வந்த எல்லோரையும் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். ஆக, அந்த வெள்ளைச் சட்டைகள் சீசன் தொடங்கியதிலிருந்து சோப்பைக் கண்ணால் பார்க்கவில்லை.

கொதிதண்ணியின் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். பயந்து நடுங்குகிறவர்களை உட்கார வைத்தே பழகியவள், அந்தச் சட்டைக்கு மட்டும் பயந்தாள். அதைப் பால்கனிக்கு நாடு கடத்தினாள்.

"அது தானாவே நிக்குதுங்க. சாப்பிட வான்னா வந்து உட்காந்துடும் போலிருக்கு" என்றாள்.

பிடித்து இழுத்து விளையாடுகிற விளையாட்டு, வாரத்துக்கு ஒரு தையல் பிரியும். மனைவி தொடமாட்டேன் என்றதால் ஊசிநூல் அவர் கைக்கு வந்தது. சாயங்காலம் வெற்றுடம்போடு பால்கனியில் உட்கார்ந்து, சட்டையைத் தொப்பைமேல் பரப்பிவைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கித் தைப்பார். பாசம் அப்படி. தன் வீட்டு விளக்கு என்று முத்தமிட்டால் சுடாதா?

பிறகு பிள்ளைகள் சொறிய ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால், ஒருத்திக்கு முழங்கை. வட்ட வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்துத் தெரிந்தது. எல்லோரும் அதை வேர்க்குரு என்றார்கள். வெயில்காலம்கூட இல்லை, ஆனாலும் வேர்க்குரு என்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊரே ஒன்று கூடினால் ஒரு கை குறையாது. அதே மாதம் கொதிதண்ணிக்கு அலுவலகத்தில் கொடுத்த தாள் என்ன தெரியுமா? "படர்தாமரை பரவுகிறது. உடைகளைத் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்தவும்." பயிற்சிக்கூடத்து வாசலிலேயே வேனை நிறுத்தி இரண்டு தடவை படித்தார். உள்ளே பீரோ மாஸ்டர் முழங்கையைச் சொறிந்துகொண்டே கையாட்டினார்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை மகள் தலைசீவும்போது அவள் கழுத்தின் பின்பக்கம் வட்டம் ஒன்றை அவர் பார்த்துவிட்டார்.

"அம்மாடி, இது வேர்க்குரு இல்ல" என்றார். "இது வேர்க்குரு இல்ல."

"தெரியும்ப்பா" என்றாள் அவள். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "ஆனா சொன்னா விளையாட விடமாட்டாங்க. பதினாலு முடியாதவங்களுக்குத்தான் இந்தப் போட்டி. அடுத்த வாரம் எனக்குப் பிறந்தநாள். இதை விட்டா எனக்கு இந்தக் கோப்பையே கிடையாது. அப்புறம் பெரிய பொண்ணுங்களோட அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டுமேம்மா."

"என் கழுத்துப்பா இது. நீங்க என் பேரை யார்கிட்டயாவது சொன்னீங்கன்னா அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன்."

அவர் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பழக்கதோஷம், இரண்டு தடவை செய்தார்.

மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன், அது என் பொறுப்பு. அவ கழுத்தைப் பத்தி நீங்க ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது, அது அவ சொல்ல வேண்டியது. ஆனா அவகூடக் கட்டிப் புரளப்போற பிள்ளைங்களுக்கும் கழுத்து இருக்குங்க. என்ன பண்ணலாம்னு பாருங்க."

என்ன பண்ணலாம் என்று பார்க்க அவர் பீரோக் கடைக்குப் போனார். போகிற வழியெல்லாம் வசனத்தை ஒத்திகை பார்த்தார். யார் பெயரும் சொல்லாமல் பொதுவாக, சட்டையைத் துவைக்கலாமே மாஸ்டர் என்று ஆரம்பிக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் முள் வந்து உட்கார்ந்துகொண்டது. பீரோக்கள் நல்லாயிருக்கு என்றார். கண்ணாடி வைத்த பீரோ ரொம்ப நல்லாயிருக்கு என்றார். கடைசியில் மூச்சைப் பிடித்து, "பிள்ளைங்க சொறியறாங்களே மாஸ்டர்" என்று அரைகுறையாகச் சொல்லிவிட்டார்.

"வேர்க்குரு அண்ணே" என்றார் பீரோ மாஸ்டர், முழங்கையைச் சொறிந்தபடி. "எனக்கே இருக்கு. அதை விடுங்க, ஞாயித்துக்கிழமை மைக் நீங்கதான். உங்க குரல் இருந்தாத்தான் போட்டிக்கே ஒரு களை."

மறுப்பு சொல்ல வராததால் அதற்கும் சரி என்றுவிட்டு வந்தார்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், யார் யார் பெற்ற பிள்ளைகளின் கழுத்தோ இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனார். சோப்புப் போடும்போது விரல் எதிலோ தடுக்கியது. குனிந்து பார்த்தார். தொப்பை மறைத்தது. எக்கிப் பார்த்தார். தொப்புளுக்கு இடது பக்கத்தில், காம்பஸ் வைத்து வரைந்ததுபோல, ஒரு வட்டம்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா, குளியலறையில் நின்று சிரித்தார். ஈரத்தோடு ஒரு குதிகூடக் குதித்தார். இது மகளுடைய கழுத்து இல்லை. இது அவருடைய சொந்தத் தொப்பை. இதைப் பற்றிச் சொல்ல எவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? வெளியிலிருந்து மனைவி, "வழுக்கி விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்ல, எழுந்துட்டேன்" என்றார்.

போட்டி நடந்த கூடம் நிரம்பி வழிந்தது. விரிப்பின் ஒரு பக்கம் அவர் மகளின் அணி, எதிர்ப்பக்கம் வேற்றூர் அணி. முன்வரிசையில் இந்த வருடம்தான் சேர்ந்த பொடிசுகள், பல் விழுந்த வாயோடு. யாரோ எழுதிக் கொடுத்த தாளைக் கொதிதண்ணி படித்தார். வருகை தந்தவர்களை வரவேற்றார், இரண்டு தடவை. கைப்பேசியை அணைக்கச் சொன்னார், இரண்டு தடவை. பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஒரு முக்கிய அறிவிப்பு" என்றார். கூடம் அமைதியானது. "எனக்குப் படர்தாமரை வந்திருக்கிறது."

முன்வரிசைப் பொடிசுகள் அண்ணாந்து பார்த்தன.

"மீண்டும் அறிவிக்கப்படுகிறது" என்று அவர் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. நிறுத்த நினைத்தும் முடியவில்லை. "எனக்குப் படர்தாமரை வந்திருக்கிறது. இடம், தொப்புளுக்கு இடது பக்கம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அது தீப்பிடித்த மாதிரி வரிசை வரிசையாகப் பரவியது. கூடமே குலுங்கியது. அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முன்பின் தெரியாத ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது அவருக்கு, காது மடல் எரிந்தது, ஆனால் தொண்டையில் முள் இல்லை. அதுதான் ஆச்சரியம்.

"சிரிங்க, பரவால்ல" என்றார், இப்போது சொந்தக் குரலில். "துவைக்காத சட்டையை மடியில வெச்சுத் தைச்சேன், வந்துடுச்சு. மத்தவங்க உடம்பைப் பத்திப் பேச எனக்கு உரிமையில்ல. என் தொப்பையைப் பத்தி மட்டும்தான் பேசறேன். இது தொட்டா ஒட்டும். மருந்து போட்டாப் போயிடும். உங்கள்ல யாருக்காவது அரிச்சா, கட்டிப் புரளறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. முன்னாடி உட்காந்திருக்கிற இந்தப் பொடிசுங்களும் இதே விரிப்புலதான் நாளைக்கு உருளப்போகுது."

பீரோ மாஸ்டர் எழுந்து அவரை நோக்கி வர ஆரம்பித்தார். வீட்டைக் காலி செய்கிறபோது பீரோவை நகர்த்துவார்களே, அப்படி வந்தார். கொதிதண்ணி மகளைத் தேடினார். அவள் தலை குனிந்து விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, இனி பேசமாட்டாள் என்று நினைத்தார். 

அவள் எழுந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள், காலரைக் கீழே இழுத்தாள், கூடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"மாஸ்டர், எனக்கும் இருக்கு."

சிரிப்பு நின்றது. அவள் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கால்சட்டையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். இன்னொருத்தி கையை உயர்த்தினாள். அடுத்து எதிரணியிலிருந்து ஒரு குரல், "எங்களுக்கும்." அவர்களுடைய சட்டைகள் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தன, ஆனால் ராசியான துண்டு என்று ஒன்றே ஒன்றை வைத்து எல்லோரும் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராசியில் நாம்தான் உசத்தி என்று எந்த ஊரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கூடம் முழுக்கச் சொறிய ஆரம்பித்தது. வாரக்கணக்காக மேசைக்கடியிலும் கதவுக்குப் பின்னாலும் திருட்டுத்தனமாகச் சொறிந்தவர்கள் எல்லோரும் பகிரங்கமாகச் சொறிந்தார்கள். அப்பாக்கள் சொறிந்தார்கள், அம்மாக்கள் சொறிந்தார்கள், ஒரு வட்டமும் இல்லாதவர்கள்கூடப் பார்த்த வேகத்திலேயே சொறிந்தார்கள். பாதி வழியில் நின்றுவிட்ட பீரோ மாஸ்டர், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விரிப்பின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையைச் சொறிந்தார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"துவைக்கலாமா மாஸ்டர்?" என்று ஒரு பொடிசு கேட்டது.

"எல்லாத்தையும் துவைங்கடா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "விரிப்பையும் துவைங்க. முடிஞ்சா என்னையும் துவைங்க."

அங்கே முதலுதவிக்கு வந்திருந்த டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாரும் விரிப்பில் கால் வைக்கக் கூடாது என்றார். போட்டி மூன்று வாரம் தள்ளி வைக்கப்பட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கட்டிப் பிடிக்கக் கூடாது என்பதால் தள்ளி நின்று இரண்டு அணியும் துள்ளின. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வாரத்துக்குள் ஒருத்திக்கு மட்டும் வயது பதினாலு முடிந்துவிடும் என்பது அந்த ஆரவாரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

மனைவி மருந்துச் சீட்டை அவர் பையில் திணித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். மகளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாலம் தாண்டுவதற்குள் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் கையைவிட்டுத் துடைக்க வழியில்லாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்னாலதாம்மா" என்றார். "அந்தக் கோப்பை உனக்குன்னு இருந்தது. நான் வாயைத் திறந்ததாலதான்..."

"நீங்க என் பேரைச் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"என்னைப் பார்த்தாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன உங்களால?" அவள் இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். அவளும் அழுதிருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. "அவ்ளோ பேர் முன்னாடி எழுந்து நின்னது நான்ப்பா. பிறந்தநாள் தேதி தெரிஞ்சுதான் நின்னேன். கோப்பைதான் இல்லன்னு ஆயிடுச்சு, இதையாவது எனக்கு விடுங்க. இதையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"மருந்துக்கடை மூடறதுக்குள்ள போங்கப்பா" என்றாள். "கழுத்து அரிக்குது."