எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது

அந்த ஆய்வகத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: எந்தப்பக்கம். முகத்துக்கு நேரே சார் என்பார்கள். தலை மறைந்ததும் எந்தப்பக்கம். யார் எந்த வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் மனிதர் முதலில் கேட்பது அதைத்தான். "இது எந்தப் பக்கத்துலேருந்து பாத்தது? எழுதலையே?" எழுதாவிட்டால் கையில் வாங்கவே மாட்டார். வீட்டிலும் இதே கூத்துதான். சர்க்கரை டப்பா இடது அலமாரியில் இருக்கிறது என்று மனைவி சொன்னால், "எங்க நின்னு பாத்தா இடது?" என்பார். "அடுப்புப் பக்கம் நின்னு பாத்தா. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நின்னிருந்தா தெரியும்" என்று அந்த அம்மாள் ஒருமுறை போட்ட போட்டில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

கேலி இருக்கட்டும், அவர் வேலை அப்படிப்பட்டது. வானத்திலிருந்து வரும் காமா கதிர் தரையை எட்டுவதே இல்லை. மேலே காற்றில் மோதிச் சிதறும்போது நீலமாக ஒரு மினுக்கு மினுக்கும். கண் சிமிட்டும் நேரத்தைக் கோடியாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறுகூடத் தேறாது. அதைப் பிடிக்கத்தான் தொலைநோக்கி, பெரிய பெரிய கண்ணாடிகள், அவற்றின் எதிரே ஆயிரத்துக்கு மேல் ஒளியுணர் குழாய்கள் அடுக்கிய ஒரு கேமரா. கண்ணாடியை ஒரு குழு செய்யும், குழாயை ஒரு குழு, மின்சாரப் பெட்டியை இன்னொரு குழு. ஒருவர் செய்தது இன்னொருவர் செய்ததோடு சேருகிற இடம் இருக்கிறதே, அது அவருடையது. ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் யாரும் அவரை நினைப்பதில்லை.

மின்சாரப் பெட்டியிலிருந்து கேமராவுக்குப் போக அறுபது கேபிள்கள் வேண்டியிருந்தன. வரைபடம் போட்டவர் எந்தப்பக்கம். செய்தவர் வயரிங் அக்கா. எந்தப்பக்கத்தைவிட நாலு வயது இளையவர்தான். எல்லாரும் அக்கா என்பதால் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். இருபது வருடத்தில் அக்கா பற்றவைத்த கம்பி ஒன்று விட்டுப்போனதாகச் சொல்ல ஆள் கிடையாது.

ஒவ்வொரு கேபிளின் முனையிலும் ஒரு கனெக்டர், அதில் பன்னிரண்டு ஊசிகள், ஆறு ஆறாக இரண்டு வரிசை. எண் பொறிக்காத ரகம். ஒன்றாம் ஊசியில் ஆயிரம் வோல்ட் வரும், ஆறாம் ஊசியில் வெறும் ஐந்து. கனெக்டரின் முகத்தைப் பார்த்து எண்ணினால் ஒன்று இடது கோடியில் இருக்கும். கம்பி பற்றவைக்கிற முதுகுப் பக்கமிருந்து எண்ணினால் அந்த இடத்தில் ஆறு இருக்கும். ஆகவே எந்தப் பக்கமிருந்து பார்த்தது என்ற ஒரு வரி படத்தில் இல்லாவிட்டால் எல்லாம் தலைகீழ்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா தாளும் கையுமாக அவர் அறை வாசலில் வந்து நின்றார். "சார், இது முகமா முதுகா?"

அவரோ தொலைபேசியில் யாரையோ இதே விஷயத்துக்காக வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "படத்துல எழுதியிருக்கும்க்கா. படிச்சுப் பாருங்க" என்றார். அக்கா போய்விட்டார்.

ஏழு வாரம் கழித்து முதல் கேபிளைச் செருகி மின்சாரம் கொடுத்தார்கள். ஒரு சின்னச் சத்தம், பிறகு தீய்ந்த வாடை. பத்தொன்பது குழாய்களின் மின்சுற்று ஒரே மூச்சில் போய்விட்டது. அக்கா முதுகுப் பக்கமிருந்து எண்ணியிருந்தார், ஐந்து வோல்ட் வர வேண்டிய ஊசியில் ஆயிரம் வந்திருந்தது. மாற்று வர நான்கு மாதம் ஆகும். அதற்குள் வானம் தெளிந்திருக்கும் பருவமே முடிந்துவிடும். மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம் என்றார் ஆய்வகத் தலைவர்.

எந்தப்பக்கம் எட்டு மணிக்கே வந்து கணினியில் படத்தைத் திறந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். அந்த வரி இல்லை. ஊரையெல்லாம் கேட்டவர் தன் படத்தில் எழுதாமல் விட்டிருந்தார். நாலு பேர் சிரிப்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. பத்தொன்பது குழாய்கள்கூட அப்புறம்தான். அவமானத்துக்குப் பயந்தவன் எதையும் செய்வான் போலிருக்கிறது. "முகப் பக்கத்திலிருந்து பார்த்தது" என்று தட்டச்சு செய்தார். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் பதிப்பு எண் மாற வேண்டும் என்பது அவரே போட்ட விதி. மாற்றவில்லை. பழைய எண்ணிலேயே சேமித்தார். ஆவணங்கள் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன, கேட்க ஆளில்லை. அக்காவிடம் இருந்த அச்சுப் பிரதி? வேலை முடிந்ததும் பிரதிகளைக் கிழித்துவிட வேண்டும் என்பதும் அவர் விதிதான். அக்கா விதியை மீறுகிறவர் அல்ல.

கூட்டத்தில் படம் பெரிய திரையில் விரிந்தது. தலைவர் அந்த வரியைப் பேனாவால் சுட்டினார். "தெளிவா எழுதியிருக்கே."

அக்கா எழுந்து நின்றார். "நான் சார்கிட்ட வந்து கேட்டேன். படத்துல இருக்குன்னாங்க. தேடிப் பாத்தேன்னுதான் நெனப்பு..." என்று இழுத்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். "என் கண்ணுலதான் படல போல. தப்பு என்னோடதுதான்."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "உங்களை எல்லாரும் கேலி பண்ணுவாங்க. நீங்க கேக்கறதோட அருமை இப்ப எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்" என்று தலைவர் எந்தப்பக்கத்தின் தோளைத் தட்டினார். அதற்கும் தலையாட்டினார்.

அக்கா இனிமேல் கேமராவைத் தொடக்கூடாது என்று ஆயிற்று. ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் அவர் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. வரி எழுதாத படங்கள் வந்தன, வாங்கி வைத்துக்கொண்டார். கேட்க வாயெடுத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்றது. "இப்பல்லாம் இடது வலது ஒண்ணும் கேக்கறதில்லையே, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றார். அவளிடமும் சொல்லத் திராணியில்லை.

திருகாணி கேட்டு ஸ்டோருக்கு யாரையாவது அனுப்பியே காலத்தை ஓட்டினார். ஒரு நாள் மத்தியானம் அனுப்ப ஆள் கிடைக்காமல் தானே போனார். ஒவ்வொரு அலமாரியிலும் புதிதாகச் சீட்டு ஒட்டியிருந்தது: இடது, வாசலில் நின்று பார்த்தால். வலது, வாசலில் நின்று பார்த்தால். மேசையில் அக்கா இருந்தார். மூக்கில் புதுக் கண்ணாடி.

"இது எப்போக்கா?"

"போன வாரம் சார். டாக்டர் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. அவ்ளோ பெரிய எழுத்து படலைன்னா, இந்தக் கண்ணை எப்படி நம்பறது? தொல்லை தாங்காம சும்மா ஒண்ணு எழுதிக் குடுத்தாரு."

எந்தப்பக்கம் திருகாணி கேட்கவில்லை. பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த வரி படத்துல இல்ல. நீங்க கேட்டப்பவும் இல்ல, கேபிள் செஞ்சப்பவும் இல்ல. மீட்டிங் அன்னிக்குக் காலையில நான் எழுதினேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"நான் வாசல்ல வந்து நின்னு கேட்டேனே சார், அது நடந்ததுதானே?"

"நடந்தது. செவ்வாய்க்கிழமை."

"அதுவே எனக்குச் சந்தேகமாப் போச்சு. வீட்டுல கேஸை அணைச்சேனான்னு மூணு மூணு தடவை திரும்பிப் போய்ப் பாக்கறேன். எங்க வீட்டுக்காரர் சிரிக்கறாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இப்பவே தலைவர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

"அவர்கிட்ட மட்டும் போதாது சார்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நான் தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன்."

மறுநாள் பத்து மணிக்கு அதே அறை, அதே ஆட்கள். அவர் கேட்டுக்கொண்டதால் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எந்தப்பக்கம் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். பேசுவதற்கு என்று வீட்டில் எழுதி வைத்திருந்த தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. எல்லோரும் பார்க்க, அந்த வரியை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் தலைவர்.

அவர் சட்டைப்பைக்குள் தாளைத் தேடினார். கடைசி வரிசையிலிருந்துதான் குரல் வந்தது.

"சார், இது முகமா முதுகா?"

இந்த முறை தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

"எழுதலக்கா. நீங்க கேட்டீங்க, நான் பாக்கல. அன்னிக்கு இங்க இருந்த வரி, மீட்டிங்குக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நான் எழுதினது."