மாமியார் வீட்டுப் பின்புறம்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இலை வண்டுகளை வகைபிரித்து, எந்த வகை எங்கே வாழ்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வண்டக்கா. அந்தப் பெயரைக்கூடச் சகித்துக்கொண்டாள். சீட்டுகளைத்தான் சகிக்க முடியவில்லை.

வண்டு குத்தியிருக்கும் ஊசியிலேயே ஒரு சிறு சீட்டும் இருக்கும்: பிடித்த இடம், தேதி, அது தின்ற செடி. ஓய்வுபெற்ற சேகரிப்பாளர் ஒருவர் பிடித்த இருநூற்றுப் பன்னிரண்டு வண்டுகளில் இடம் என்று எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மாமியார் வீட்டுப் பின்புறம்."

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவர் வீட்டுக்கே போனாள்.

"உங்க மாமியார் வீடு எங்க சார்?"

"எந்த வீடு? அவங்க ரெண்டு தடவ வீடு மாறினாங்களே."

"அத சீட்டுல எழுதியிருக்கலாமே."

"எனக்குத்தான் தெரியுமேம்மா."

"உங்களுக்குத் தெரியும். வண்டுக்கும் தெரியும். எனக்கு யார் சார் சொல்றது?"

அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தார். "எங்கம்மா மேல பாசத்துலதான் லீவு கெடச்சா ஓடுறார்னு நாப்பது வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார் கணவரை முறைத்தபடி.

அம்மா எந்த வருடம் எந்த வீட்டில் இருந்தார் என்பது மனைவிக்கு அத்துப்படி. வண்டக்கா தேதிகளைப் படிக்கப் படிக்க, அவர் வீட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார். சேகரிப்பாளர் திருத்த வாயெடுத்தபோது, "நீங்க பேசாம இருங்க" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வீடு மாறிய மாதங்களில் பிடித்த இருபத்திரண்டு மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அவற்றை இடம் தெரியாதவை என்று தனிப் பெட்டியில் வைத்தாள்.

வரைபடத்தில் ஒரு வகையைச் சுட்டிக்காட்டி இயக்குநர் கேட்டார்: "இந்த வண்டு இந்த மூணு எடத்துல மட்டும்தான் இருக்குமா?"

"இல்ல சார். அவர் அங்க மட்டும்தான் தேடியிருக்கார்."

"அப்ப நடுவுல இருக்கறத யார் பாக்கறது?"

யார் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியும். திங்கட்கிழமை வலையும் குப்பிகளுமாக, அந்த வீடுகளுக்கு நடுவே போகும் பேருந்தில் அவள் ஏறினாள். இரண்டாம் நிறுத்தத்தில் இறங்கியதுமே, ஒரு வேலிக்கொடியின் சல்லடையான இலைகளில் அதே வண்டு. மதியத்துக்குள் ஏழு தெருக்களில் கிடைத்துவிட்டது. நாற்பது வருடம் ஒருவரும் இங்கே இறங்கிக் குனிந்து பார்க்கவில்லை என்று நினைத்தபோது, சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது.