பதினோராம் இலக்கச் சட்டை

எங்கள் கூடைப்பந்துக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் புள்ளிவிபரத்தாளைத் தட்டச்சு செய்து மண்டபக் கதவில் ஒட்டிவிடுவார்கள். யார் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை பந்தைப் பலகையடியில் பறித்தார், எத்தனை தரம் விதி மீறிப் பவுல் செய்தார் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருக்கும். ஆட்டத்தின் பக்கமே வராதவர்கள்கூட அந்தத் தாளை வாசித்துவிட்டு ஒருவனைத் தலையில் தூக்கி வைப்பார்கள், இன்னொருவனைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். இது எழுபதுகளின் தொடக்கத்தில், மெல்பேர்னின் மேற்குப் புறத்தில். இத்தனை காலம் போயும் அந்தக் கதவை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு ஆடியவன். இங்கே ஒரு தொழிற்சாலையில் படம் கீறும் வேலை கிடைத்ததும் நான் முதலில் தேடியது நல்ல வீட்டையல்ல, கூடைப்பந்து மண்டபத்தை. கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துவிட்டு, களத்தோரம் மாற்று ஆட்கள் குந்தியிருக்கும் வாங்கில் இருத்தினார்கள். ஆடும் ஐவரில் எவனாவது களைத்தால்தான் எனக்குக் களம். களைக்காத பிறவிகள் அவர்கள்.

அந்த ஆண்டு ஸ்பெயினிலிருந்து ஒரு தொழில்முறைக் குழு சுற்றுப்பயணம் வந்து, எங்களோடும் ஓர் ஆட்டம் ஆட ஒப்புக்கொண்டது. மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கும் நேரமும் அதுதான். தேர்வாளர்கள் எல்லா மண்டபங்களுக்கும் வரமாட்டார்கள். கழகங்கள் அனுப்பும் தாள்களைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். ஸ்பானியருக்கு எதிராக ஒருவன் என்ன செய்தான் என்பதற்குத் தனி மதிப்பு இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இனி இல்லை என்பது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும்.

ஆட்டம் நெருங்கும்போது எங்கள் கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரன் பயிற்சியில் விழுந்து, கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டான். பயிற்சியாளர் வாங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் தொடங்குகிறாய்" என்றார்.

அன்றைய ஆட்டம் சர்வதேச விதிப்படி நடந்தது. சட்டையின் இலக்கம் நான்குக்கும் பதினைந்துக்கும் இடையில் இருக்கவேண்டும். என் கழகச் சட்டையில் இருந்தது இருபத்தேழு. புதிது தைக்க நேரமில்லை என்று சொல்லி, மாவுக்கட்டுக்காரனின் பதினோராம் இலக்கச் சட்டையைச் செயலாளர் என்னிடம் தந்தார். புள்ளிவிபரம் எழுதுபவரும் அவரேதான். பெயர்ப்பட்டியல் முன்பே தட்டச்சாகியிருந்தது. பதினொன்றுக்கு நேரே அவன் பெயர். என் பெயரைத் தாளின் அடியில், இலக்கம் போடாமல், பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு சரிசெய்வார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் அணியின் ஆள் அல்லவா?

ஸ்பானியர்கள் எங்களைத் தோற்கடித்தார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவர்கள் பந்தைத் தரையில் தட்டுவதே அபூர்வம், பார்க்காமலே ஒருவருக்கொருவர் எறிந்தார்கள். ஆனால் அன்று எனக்கும் கை வந்தது. வலது மூலையிலிருந்து எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் போனது. எங்கள் பக்கத்தில் அதிகம் புள்ளி எடுத்தவன் நான்தான். ஆட்டம் முடிந்ததும் ஒரு நெட்டை ஸ்பானியன் என் முதுகில் தட்டி அவன் மொழியில் ஏதோ சொன்னான். நல்லதாகத்தான் இருக்கவேண்டும். அந்தக் கழகத்தில் யாரும் அதுவரை என் முதுகில் தட்டியதில்லை.

பவுலும் செய்தேன். அந்த நெட்டையர்களை மறிக்க எனக்கு வேறு வழியில்லை. அந்தக் காலத்து விதிப்படி பவுல் செய்தவன் கணக்கு மேசையைப் பார்த்துக் கையை உயர்த்தவேண்டும். நான் நான்கு தரம் உயர்த்தினேன்.

மறுநாள் வேலை முடிந்து நேரே மண்டபத்துக்குப் போனேன். கதவில் தாள். பதினொன்றுக்கு நேரே மாவுக்கட்டுக்காரனின் பெயர், அதற்கு நேரே என் புள்ளிகள் அத்தனையும், நான் பறித்த பந்துகள் அத்தனையும். அடியில் என் பெயர். புள்ளி பூச்சியம். பந்து பூச்சியம். பவுல் நான்கு.

செயலாளருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "பந்து விழும்போது நான் முதுகு இலக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். பவுலுக்கு நீ கையை உயர்த்தும்போது முகம் தெரிகிறது. அதுதான் நடந்தது" என்றார். திருத்தச் சொன்னேன். நடுவர்கள் கையெழுத்து வைத்த தாளை யாரும் தொடமுடியாது, அது வெறும் சிநேகபூர்வ ஆட்டம்தானே என்றார். பயிற்சியாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி குசினிக்குள் சமைத்தபடியே கேட்டாள்.

"அப்ப அந்தாள் மாவுக்கட்டோட வந்து பந்து போட்டவரோ?"

"ஓம். நான் பவுல் மட்டும் செய்தனான்."

சிரித்தாள். என் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

"ஆரிட்டையாவது சொல்லுங்கோவன்."

"எல்லாருக்கும் தெரியுமப்பா. தெரியாத ஆக்கள் ஆர் இருக்கினம், சொல்லுறதுக்கு?"

மாவுக்கட்டுக்காரன் ஊன்றுகோலோடு வந்து தாளை வாசித்தான். "ஒற்றைக்காலில் நான் இவ்வளவு நன்றாக ஆடுவேன் என்று எனக்கே தெரியாது" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். தேர்வாளர்களிடம் உண்மையைச் சொல்வதாக என் தோளில் கைபோட்டு வாக்குக் கொடுத்தான். கெட்டவன் இல்லை, பழகுவதற்கு இனிமையானவன். அதனால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. ஆனால் தேர்வாளர்களிடம் அவன் சொல்லவே இல்லை.

கட்டு அவிழ்ந்து அவன் ஓடத் தொடங்கிய நாட்களில் கழகக் கூட்டம் ஒன்று நடந்தது. அவன் முகாமுக்குத் தெரிவாகிவிட்டான் என்று செயலாளர் அறிவித்தார். ஸ்பானியருக்கு எதிரான அவனது ஆட்டம் தேர்வாளர்களை மிகவும் கவர்ந்ததாம். என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லியிருந்தார்கள், அதையும் வாசித்தார்: பவுல் அதிகம், புள்ளி எடுப்பதில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

வாழ்த்துத் தீர்மானம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தும்படி செயலாளர் கேட்டார். எல்லோரும் உயர்த்தினார்கள். என்னை எல்லோரும் பார்த்தார்கள். நானும் உயர்த்தினேன். அவர் பென்சிலோடு நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தார். என்னிடம் வந்ததும் என் பெயரைப் பிழையில்லாமல் உரக்கச் சொல்லி, குறித்துக்கொண்டார்.